இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறும்வரை

விமான ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டரில் நடக்கும் தேர்வில் துணை விமானி இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்றும் தோற்றால் வேலை போய்விடும். இரண்டு முறையும் ஒரே தவறுதான்: விமானத்தை எழுப்பும்போது, என்ஜின்களின் விசையைக் கூட்டும் த்ராட்டில் நெம்புகோல்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டாள். ஜெட் என்ஜின் தொடக்கத்தில் சோம்பேறி. மெல்லத்தான் வேகம் பிடிக்கும். அதிலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்திய என்ஜின் விமானத்தை மறுபக்கம் திருப்பி, ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறக்கிவிடும்.

அன்று காலை அவளும் நாத்தனாரும் பீரோவை நகர்த்தினார்கள். இவள் தன் பக்கத்தை வெடுக்கென்று தூக்கியதில் பீரோ திரும்பிச் சுவரில் இடித்தது.

“என்ன அண்ணி அவசரம்? நான் இன்னும் பிடிக்கவே இல்ல! கொஞ்சம் தூக்கிட்டு என் மூஞ்சியப் பாருங்க. நான் தலையாட்டினதும் நடங்க.”

மதியம் தேர்வில், த்ராட்டில்களைப் பாதிவரை தள்ளிவிட்டு அவள் காத்திருந்தாள். இடது என்ஜினின் வேகத்தைக் காட்டும் முள் ஏறிவிட்டது, வலது என்ஜினின் முள் பின்தங்கியது.

“என்னம்மா, தூங்கிட்டீங்களா?” என்றார் தேர்வாளர்.

“நாத்தனார் இன்னும் பிடிக்கல சார்.”

இரண்டு முள்ளும் ஒரே எண்ணுக்கு வந்த பிறகே முழுவதும் தள்ளினாள். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே ஓடி எழும்பியது. தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் போன் செய்தாள். “பாஸாயிட்டேன்டி!”

“சூப்பர் அண்ணி! அப்படியே சுவத்துல விழுந்த பள்ளத்தையும் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”