ஊசி யாருக்கு

என் கணவர் செங்கல்வராயனுக்குப் பதினாறு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து, வீக்கம் கீழே விதைக்கும் இறங்கிவிட்டதாம். கல்யாணத்துக்கு முன் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூன்று வருடமாக அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அம்பத்தூரில் எங்கள் தெரு என் வயிற்றையே பார்த்தது.

கடைசியில் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை, எங்கள் வம்சத்தில் முதல் பி.எஸ்ஸி.யான நானே மாமியாருக்குத் தமிழில் சொன்னேன். ஆண் சுரப்பு மிகக் குறைவு; வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். நாக்கடியில் கரைகிற மாத்திரை உண்டு, ஆனால் நாள்பட்டால் கல்லீரலைக் கெடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இடுப்பில் எண்ணெய் ஊசி போடலாம், அதுதான் நல்லது. இல்லையென்றால் தோலைக் கீறி, உள்ளே மருந்து வைத்துத் தைக்கலாம். எதுவானாலும் உடம்புத் தெம்புக்குத்தான், பிள்ளைக்கு அல்ல.

கடைசி வாக்கியம் மட்டும் மாமியார் பொன்னியம்மாவின் காதில் ஏறவில்லை.

"கீறி வெக்கிறதா? எம் புள்ள இன்னா மாங்கன்னா, ஒட்டுப் போட?" என்று அவர் தட்டில் சோற்றைப் போட்டபடியே தீர்ப்புச் சொன்னாள். "மாத்திரையும் வாணாம், ஈரலு பூடும். ஊசியே போடு. நர்ஸம்மா ஊட்டுக்கு வரட்டும். தெருவுல கேட்டா வடிவுக்குன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு! நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்குத்தானே வடிவு" என்றார், வாயில் சோற்றோடு.

முதல் ஊசியை உள்ளறையில் அவருக்குப் போட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாளே குழாயடியில் பக்கத்து வீட்டு எல்லம்மா என் கையைப் பிடித்தாள். "கெர்ப்பப்பைல கோளாறாமே கண்ணு? ஊசிக்கும் நிக்கலேன்னா உன் மாமியா அண்ணன் பொண்ண கட்டி வெக்கப் போறாளாமே?"

குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஊசி அவருக்கு, மலடிப் பட்டம் எனக்கு, கல்யாணம் மறுபடியும் அவருக்கு.

அடுத்த முறை கரையான்சாவடியிலிருந்து நர்ஸ் மஹ்பூபா வந்தபோது அவர் உள்ளறையில் ஒளிந்திருந்தார். மாமியார் வாசலுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"வடிவு, வந்து படு. உனக்கு ஊசி போட வந்துகீறாங்க."

நான் தெருக்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன்.

"ஊசி எனக்கில்ல நர்ஸம்மா, என் வீட்டுக்காரருக்கு. ஏங்க, வெளிய வாங்க!"

"அடிப்பாவி, கதவச் சாத்துடீ!" என்று மாமியார் பாய்ந்தாள். நான் கதவை விடவில்லை. மஹ்பூபா கெட்டியான எண்ணெயை ஊசியில் ஏற்றிக்கொண்டு சங்கடமாக நின்றாள்.

"ஆம்பளக்கி போடறது தப்பில்லமா. எத்தினி பேருக்குப் போட்டுகீறேன். வரச் சொல்லு."

உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"ஊசி வாணாம், அனுப்பிடு. நான் மாத்திரையே போட்டுக்கிறேன்."

ஈரல் அழுகினாலும் சரி, தெருவுக்குத் தெரியக் கூடாது. இந்த மனிதரோடுதான் மூன்று வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. மஹ்பூபா பையை மூடினாள்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் எல்லம்மாவின் தலை தெரிந்தது.

"கேட்டுச்சா அக்கா?" என்றேன். "மாத்திரையும் அவருக்குத்தான்."