ஆறு மைல் கயிறு

இதில் ஒரு சொல் பொய்யென்றால், நான் தின்னும் கெங்கே என்கிற மக்காச்சோள உருண்டைக்கு இனி மீனே சேராமல் போகட்டும். கொஞ்ச காலமாகச் சேரவில்லைதான்; அதற்குக் காரணம் வேறு.

கானாவில் எங்கள் கரைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை மீன்பிடிப்பதில்லை. கடலுக்கு அன்று ஓய்வு. அப்படியொரு செவ்வாயன்று எல்லோரும் மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். எக்கோவுக்கு மட்டும் தைக்க ஒன்றுமில்லை. முந்தின நாள் வெளிநாட்டு இழுவைக் கப்பல் ஒன்று அவன் வலையை மிதவைகூட மிச்சம் வைக்காமல் வாரிக்கொண்டு போயிருந்தது. மீன் சுடுகிற அவன் மனைவி அராபாவின் அடுப்பில் கோழி அடைகாத்தது. அதே கப்பல் ஓய்வு நாளிலும் கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தது.

எக்கோ மனு எழுதி, கடல் எல்லை அலுவலகத்துக்குப் போனான்.

அதிகாரி குவான்சா மின்விசிறிக்கு அடியிலிருந்து அசையவில்லை. "கரையிலேருந்து ஆறு மைலுக்கு உள்ள வந்தாத்தான் தப்பு. உள்ளதான் வந்தான்னு என்ன ஆதாரம்?"

"அவங்க தாளிக்கிற வாசனை என் வீட்டுக்கு வருதுங்க, ஐயா."

"வாசனைய ஃபைல்ல வைக்க முடியாதுப்பா. அளந்து காட்டு, புது வலைக்கு நஷ்டஈடு எழுதித் தர்றேன்."

வலைக்கயிறு, நங்கூரக்கயிறு, ஆடு கட்டும் கயிறு, துணி காயும் கொடி, தேவாலயத்து மணிக்கயிறு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்தோம். ஆறு மைலுக்கு ஒரு முழம் குறைந்தது. அராபா தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மீனவர் தலைவர் குறுக்கே வந்தார். "செவ்வாக்கிழம படகு இறங்கக் கூடாது, எக்கோ."

"மீன் பிடிக்கப் போகல தலைவரே. கயித்துல ஒரு தூண்டில் இருக்கா பாருங்க."

"அவன் செவ்வாக்கிழம அள்ளலாம், நாங்க அளக்கக்கூடக் கூடாதா?" என்றாள் அராபா.

தலைவர் கயிற்றை முழுக்கத் தடவிப் பார்த்தார். மதியமாகிவிட்டது. வழிவிட்டார்.

ஒரு நுனியை அலுவலகத்தின் வாசல் தூணில் கட்டினோம். மறுநுனியோடு எக்கோ போனான். கப்பலை எட்டியபோது கயிற்றில் பாதிக்கு மேல் படகிலேயே சுருண்டு கிடந்தது. சாட்சி தப்பிவிடக் கூடாதென்று, தலைத்துணி நுனியைக் கப்பலின் பின்வளையத்தில் இறுக்கி முடிந்தான்.

அவர்கள் பார்த்துவிட்டார்கள். கப்பல் ஆழ்கடலுக்குத் திரும்பி ஓடியது. படகிலிருந்த சுருளெல்லாம் உருவிக்கொண்டு போனது. கயிறு விறைத்தது. அலுவலகம் ஒருமுறை முனகியது. பிறகு மின்விசிறி, அலமாரி, கொடிக்கம்பத்தோடு மணலில் வழுக்கிக் கடலில் இறங்கியது. குவான்சா நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஐயா! பாதிக் கயிறு மிச்சமிருந்துச்சு! என் கண்ணால பார்த்தேன்!" என்று எக்கோ பின்னாலேயே துடுப்புப் போட்டான்.

குவான்சா சன்னல் வழியே கயிற்றைப் பார்த்தார். "இப்ப முழுசா நீண்டிருக்கே. இங்கேருந்து கப்பலுக்குச் சரியா ஆறு மைல். எல்லை மீறல் இல்ல." முத்திரை குத்தினார்.

அதன்பின் அந்தக் கப்பல் அராபாவின் அடுப்படி வரை வந்தபோதும் அலுவலகத்திலிருந்து ஆறு மைல் தள்ளியே இருந்தது.

ஒரு விவரம் சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் கரையில் கடல் எல்லை அலுவலகம் என்று ஒன்று இன்றுவரை கட்டப்படவில்லை. எக்கோவின் மனு அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது.