சம்பந்தி வீட்டுக் கோடி

"பூமிநாதன் மாமா தவறிட்டாக. காலையில ஆறு மணிக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம்."

உமாமகேஸ்வரி பதினேழாவது தடவையாக அதைச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணைத் தேடினாள். மாமனாரின் போனிலிருந்தே அவருடைய சாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்களின் எண்கள் அதில்தான் இருந்தன. எடுத்தவர்கள் எல்லோரும் "சொல்லுங்க சர்வேயரே" என்று உற்சாகமாக ஆரம்பித்தார்கள். ஒருவர், "என்ன, பரம்பரையில இன்னொரு தாத்தாவைக் கண்டுபிடிச்சிட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டியலை மேலே தள்ளியபோது அவளைப் பெற்ற அய்யாவின் பெயர் வந்தது. காளிராஜ் சம்பந்தி. காலை ஐந்து நாற்பது. பதினோரு நிமிடம்.

அவள் திகைத்தாள். ஆறரை மணிக்கு அவள் அழுதுகொண்டே பரமக்குடிக்குப் பேசியபோது அய்யா "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். விடியும்முன் மாமாவோடு பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா கடைசியாக என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் திரையைத் தடவினாள். எச்சிலில் மரபணு பார்த்து உறவு சொல்லும் பரிசோதனையின் முடிவு அங்கே திறந்து கிடந்தது.

சர்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பூமிநாதனுக்கு நிலத்தை அளக்க முடியாத குறை. குடும்பத்தை அளக்க ஆரம்பித்தார். குலசாமி கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகளில் யார் யாருக்கு என்ன உறவு என்று பழைய பத்திரங்களைப் புரட்டினார். கூடவே அலைந்தவர் காளிராஜ். சம்பந்தி ஆவதற்கு முன்பிருந்தே இருவரும் அப்படித்தான். ஒருவர் டீ குடித்தால் மற்றவருக்கு ஏப்பம் வரும். போன மாசி மாதம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு பரிசோதனைக் குழாய்கள் வந்தன. குழாயில் துப்பப் பங்காளிகளில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எதையாவது கிளறி வைக்கும் என்று பயம். "வீணா போகுதுய்யா, நீயாவது துப்பு" என்று மாமா குழாயை நீட்ட, அய்யா சிரித்துக்கொண்டே துப்பினார். டீ போட்டுக்கொண்டு வந்த உமாவும் சிரித்தாள்.

இப்போது திரையில் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இருபத்தாறு சதவீதம் பொருத்தம். ஒரே தகப்பன், வேறு தாய்.

அவள் மூன்று முறை படித்தாள். அய்யாவைப் பெற்ற முத்தழகு, இதே அபிராமத்தில் குடியிருந்து, கைப்பிள்ளையோடு பரமக்குடிக்குப் போனவள். செத்தவர்களிடம் போய் எதைக் கேட்பது? மாமாவும் அய்யாவும் அண்ணன் தம்பி. அப்படியென்றால் புருஷன் வினோத்குமார் அவளுக்குப் பெரியப்பா மகன். ஏழு வருஷமாக அண்ணனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். அத்தை மகனோ மாமன் மகனோ என்றால் ஊரே கூடி வாழ்த்தும். இதைக் கேட்டால் அதே ஊர் காறித் துப்பும். மகள் அமுதவள்ளிக்கு ஆறு வயது. அவளை என்னவென்று சொல்வார்கள்?

போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

பதினோரு மணிக்கு அய்யா வந்தார். செருப்பில்லை. கையிலும் ஒன்றுமில்லை. பந்தலுக்குள் நுழைந்ததும் வினோத்குமார் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான்.

"மாமா... அய்யா போயிட்டாரு மாமா..."

மாமா என்ற சொல் கேட்டு அவர் உடம்பு சுருங்கியதை உமா பார்த்தாள். அய்யாவுக்குத் தெரியும்.

பங்காளிகள் நீர்மாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஊருணியில் குளித்து, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் உரிமை அவர்களுடையது. சம்பந்தி வீட்டார் செய்ய வேண்டியது வேறு. புது வேட்டியைக் கோடியாகக் கொண்டுவந்து போர்த்துவது. பங்காளி கோடி போடுவதில்லை. இதில் ஊருக்குள் குழப்பமே வந்ததில்லை.

காளிராஜ் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பங்காளிகள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"சம்பந்தகாரரே," என்றார் பெரியவர் இருளாண்டி. "இது பங்காளிக போறது. நீங்க இங்கன நிழல்ல உக்காருங்க."

"இல்ல. நானும் வாரேன்."

"சேக்காளி போன துக்கம், பாவம்" என்று யாரோ சொன்னார்கள். ஆனால் மாமாவின் அக்கா கருத்தம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முறை தவறுவது அவள் கண்ணுக்குத் தப்பாது.

"கையை வீசிக்கிட்டு வந்து பங்காளியோட நிக்கிறாரே, கோடி எங்க? எந்தம்பிக்குச் சம்பந்தி வீட்டுக் கோடி இல்லையா?"

காளிராஜ் வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இன்னும் ஒரு நொடி விட்டால் சொல்லிவிடுவார்.

உமா உள்ளே ஓடினாள். பீரோவில் வினோத்குமாருக்கென்று எடுத்து வைத்திருந்த மடிப்புக் கலையாத வேட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அய்யாவின் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்கய்யா, கோடியை என்கிட்டக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு இங்கன வந்து நிக்கிறீக?"

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. உதடு கோணியது.

"எம்மா உமா... விடியக்காலம் அவரு என்னையத் தம்பின்னு கூப்பிட்டாரும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "ஒரு தடவதான் கூப்பிட்டாரு."

உமாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அய்யாவைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலிருந்தது. வேட்டியை அவர் கையில் திணித்தாள்.

"அமுதா பாத்துக்கிட்டு நிக்கிறா. போடுங்கய்யா."

வீட்டு வாசலில் பிள்ளை நின்றது. காளிராஜ் அதைப் பார்த்தார். பிறகு சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். பொத்தான்களைப் போட வெகுநேரமானது. இருளாண்டி நீர்மாலைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு நகர்ந்தார்.

"சம்பந்தி வீட்டுக் கோடி வந்திருச்சு!" என்று கருத்தம்மாள் கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

காளிராஜ் வேட்டியை உதறிப் பூமிநாதனின் மேல் போர்த்தினார். நெஞ்சை மூடியது, முழங்காலை மூடியது, பாதத்துக்குப் போதவில்லை. பெருவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டாவது விரல்கள் பெருவிரலையும் தாண்டி நீண்டு, நுனியில் சற்றே உள்நோக்கி வளைந்திருந்தன. கால்மாட்டில் நின்ற அய்யாவின் வெறுங்காலை உமா பார்த்தாள்.

குனிந்து, வேட்டியைக் கீழே இழுத்து மாமாவின் பாதங்களை மூடினாள்.