உள்ளே அணைத்த மானிட்டர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் பயம் விட்டபாடில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்றாம் அறையில் ஒரு லாரி ஓட்டுநர். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் அறையில் மானிட்டர் திரையை மட்டும் அணைத்துவிடுவோம். இல்லாவிட்டால் வீட்டு ஆட்கள் முகத்தைப் பார்க்காமல் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வெளியே, எங்கள் மேஜைத் திரையில் இதயத்துடிப்புக் கோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அவருக்கு இருப்பது ஒரே மகள். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பா போறப்ப நான் தனியா இருக்கக் கூடாது. பயமா இருக்கு. நீங்க கூட இருப்பீங்கல்ல?"

"நான் எங்கம்மா போகப்போறேன்? இங்கயேதான் இருப்பேன்" என்றேன். என் வாயை என்ன சொல்ல!

மதியம் பக்கத்து அறைக்காரருக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. ஓடினேன். டாக்டரும் நானும் மல்லுக்கட்டி அவரை ஒருவழியாக நிலைக்குக் கொண்டுவந்தோம். வெளியே வந்தால், மேஜைத் திரையில் மூன்றாம் அறையின் கோடு நேராகக் கிடந்தது.

வயர் கழன்றிருக்கும், வயர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே அந்த அறை வாசலுக்குப் போனேன். மூடிய கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் பேசுவது கேட்டது.

"நேத்து வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன்பா. எங்கயும் இடிக்கல. டிரைவிங் சொல்லிக்குடுக்கறவரே அசந்துட்டார்..."

ஐயோ, இவளுக்குத் தெரியாது. போய்விட்டவரிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்; நான் உள்ளே போய் அதைப் போட்டு உடைக்க வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற சனியன் பிடித்த கதவு, என்னால் தள்ள முடியவில்லை. கூட இருக்கிறேன் என்று சொன்னவள் நீதானே, போடி உள்ளே என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அவள் திரும்பினாள். முகம் வெளிறிக் கிடந்தது. அப்பாவின் கையை விடவில்லை.

"மூச்சு நின்னுடுச்சுன்னு தெரியும்க்கா."

"அப்புறம் ஏம்மா கூப்பிடல? பெல் இருக்கே!"

"நீங்க வந்து சொல்லிட்டா முடிஞ்சிடும்ல? அதான் பேசிக்கிட்டே இருந்தேன். நிறுத்தவும் பயமா இருந்துச்சு." அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாதீங்கக்கா. வண்டிய நிறுத்தினத இன்னும் அப்பாகிட்ட சொல்லல."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"எப்படிம்மா நிறுத்தினே?" என்றேன்.