மரக்கிளையில் டேப்

தார் ரோடு தீர்ந்து, மண் ரோடும் தீர்ந்து, பைன் மரங்கள் மட்டுமே மிச்சமிருந்த இடத்தில் அவள் காரை நிறுத்தினாள். ஒரு பலகை, ஒரு மரக் கேட், அதற்கப்பால் அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அவ்வளவுதான். வருடா வருடம் வந்தும் அவள் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் புருஷன் அருவி பார்க்கப் போவார். இவள் காரிலேயே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். வாயாடிப் பெண்டாட்டியிடமிருந்து மனுஷனுக்குக் கொஞ்ச நேரமாவது விடுதலை வேண்டாமா என்று அவளாகவே எடுத்த முடிவு அது.

இந்த வருடம் பக்கவாதம் அவருடைய இடது காலைப் பதம் பார்த்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் உளறியதெல்லாம் அந்த அருவியைப் பற்றித்தான். அவருக்காக அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நீங்க கார்லயே உக்காருங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எதுக்கும்மா? வெறும் தண்ணிதானே."

"வெறும் தண்ணியா? அருவி அருவின்னு என் காதுல ரத்தம் வர்ற அளவுக்குச் சொன்னது யாரு?"

அவள் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள்.

பைன் மரத்து ஊசி இலைகள் மெத்தையாகக் கிடந்த பாதையில் முதல் மேட்டைத்தான் ஏறியிருப்பாள். விழுந்து கிடந்த ஒரு கட்டை, யாரோ உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழவென்று ஆகியிருந்தது. பக்கத்துக் கிளையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இன்சுலேஷன் டேப் சுற்றுச் சுற்றாக ஒட்டியிருந்தது. வீட்டில் கரண்டிக் காம்பு முதல் மூக்குக்கண்ணாடி வரை கண்டதற்கெல்லாம் டேப் சுற்றுகிற கை அவளுக்குத் தெரியாதா? கட்டையில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். மரங்களுக்கு நடுவே கார் தெரிந்தது.

விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"அருவி எப்படி இருந்துச்சு?" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க சொல்லுங்க. பாத்திருக்கீங்களா?"

"அந்தக் கட்டையைத் தாண்டினா கார் தெரியாதும்மா. காட்டுல உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீதான் நிம்மதியா பின்னிக்கிட்டு இருந்தியே."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து முட்டின. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எந்திரிங்க."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"என் தோளைப் பிடிச்சுக்குங்க. கட்டையைத் தாண்டி ஒரு அடி வச்சாலும் போதும். இன்னைக்குத்தான் கார்ல தனியா விட்டுட்டுப் போக யாரும் இல்லையே."