நேர்காணல் அறைக்கு வெளியே

நேர்காணல் அறைக்குள் கைப்பேசி கூடாது என்றார் வாசலில் நின்ற ஊழியர். கல்லூரியில் சேர்க்க நான் அழைத்து வந்திருந்த பெண் தன்னுடையதை அணைக்காமலே என் கையில் கொடுத்தாள்.

“அப்பா நம்பர்ல இருந்து கால் வந்தா கதவத் தட்டிடுங்க அக்கா. என் மனசுக்காகச் சும்மா தலையாட்டக் கூடாது.”

“தட்டுறேன். நீ போய் உன் நாற்காலியப் பத்திப் பேசு.”

எந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று உட்கார்ந்து பேசி, நேர்காணல் வரை கூடவே போவது என் தொழில். இவளுக்குப் படிப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. சோபாவுக்கு உறை தைக்கும் அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவள். மிஞ்சிய மரத்துண்டுகளில், முட்டிவலிக்காரர்கள் சுலபமாக எழுந்துகொள்ள ஒரு நாற்காலி செய்திருந்தாள். அறைக்கலன் வடிவமைப்புக்கென்றே பிறந்த கை. ஆனால் வெளியூரில் படிக்க அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அம்மா இல்லாத வீடு. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தால் அப்பாவுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவார்.

நேற்று அவர் என்னைத் தனியாக அழைத்து, “டீச்சரம்மா” என்றார். நான் டீச்சர் இல்லை என்று பல முறை சொல்லியாயிற்று. “எனக்கு எது ஆனாலும் அவ பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க.” அவருக்கும் சரியென்றே சொல்லியிருந்தேன்.

கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’. எடுத்தேன். பேசியது பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

“மயங்கி விழுந்துட்டாரும்மா. மெஷின் விளிம்பு பட்டு தலை கிழிஞ்சிருச்சு. சர்க்கரைய ஈறுல தடவிவிட்டோம், இன்னும் கண்ணு திறக்கல. ஆம்புலன்ஸ் வருது.”

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் காற்றில் நாற்காலியின் முதுகை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவர்கள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது தட்டினால் இந்த இடம் போய்விடும். தட்டாமல் விட்டு, அவர் கண் திறக்காமலே... நினைப்பை முடிக்கவே பயமாக இருந்தது. அவளை இவ்வளவு தூரம் இழுத்து வந்தவள் நான். என் சொல்லை நம்பித்தான் உள்ளே போனாள்.

தட்டினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டாள். கேட்டது அத்தனையும் சொன்னேன். உதடு வெளுக்க, கைப்பேசியைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. போன அவர் காதுகிட்ட வைங்க. அப்பா, நான்தான். அப்பா.”

மறுமுனையில் யாரோ ஓடும் சத்தம். அவள் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்துக் குழறலாக ஒரு குரல்.

“தட்டிட்டாங்களா டீச்சரம்மா? வேணாம்னு சொன்னேனே.”

“அவங்க டீச்சர் இல்லப்பா.” அவளுக்கு அழுகை வெடித்தது.

“நாற்காலியக் காட்டிட்டியா?”

“பாதிதான்.”

“மீதிய யாரு காட்டுவா, நானா?”

வண்டி வந்துவிட்டது என்றார் கடைக்காரர். தானும் கூடப் போவதாகச் சொன்னார். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, “தொடரலாமாம்மா?” என்றார்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினாள்.

“திரும்ப ஏதாவதுன்னா?”

“திரும்பத் தட்டுவேன்.”

கதவு மூடியது. இணைப்பு இன்னும் அறுபடவில்லை. ஆம்புலன்ஸின் ஊளை மட்டும் கேட்டது. அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு, கதவை ஒட்டி அங்கிருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.