மல்யுத்தம் மட்டும் நெப்ராஸ்காவில்

ஃபென்விக் என்ற ஊர் 1958 ஜூன் கடைசி இரவு அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான ஒரேகானில் படுத்து, ஜூலை முதல் தேதி காலை நாட்டின் நடுச் சமவெளியில் நெப்ராஸ்காவில் எழுந்தது. அந்த ஊர்க் கல்லூரி அன்றுதான் 'சமவெளி எட்டு' விளையாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. முடிதிருத்துபவர் வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தார். பால் வண்டி வந்தது. மலைகள் மட்டும் வரவில்லை. மாவட்ட அதிகாரிகள் வந்து நில வரியைத் திருத்தி எழுதிக்கொண்டு போனார்கள். சால்மன் மீன் தின்று வளர்ந்தவர்கள் மாட்டிறைச்சிக்குப் பழக இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதைத் தவிரப் புகார் ஏதும் இல்லை.

காரணம் எளிது. 1913-இல் எட்டு சர்ச் கல்லூரிகள் கூடிக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது போட்ட முதல் விதி, சனிக்கிழமை ஆடிய அணி ஞாயிறு காலை ஆராதனை மணிக்குள் சொந்த ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது. மனிதர்கள் நாளடைவில் அதை மறந்தார்கள், நிலம் மறக்கவில்லை. தூரத்துக் கல்லூரி ஒன்று சேர்ந்தால் அதன் ஊர் பக்கத்தில் வந்து உட்காரும். விலகினால், புதிதாகச் சேரும் கூட்டமைப்பைப் பார்த்து நகர்ந்துவிடும். 1926-இல் ஒரு கல்லூரி, தாடி நரைத்த கொல்லன் ஒருவனை முதலாமாண்டு மாணவன் என்று சொல்லிக் கால்பந்து ஆடவிட்டு மாட்டிக்கொண்டது. வெளியேற்றப்பட்ட அந்தக் கல்லூரியைச் சேர்த்துக்கொள்ள எந்தக் கூட்டமைப்பும் முன்வராததால் ஊர் வடக்கே மிதந்து போனது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்கள். தபால் முத்திரைதான் ஒவ்வோர் ஆண்டும் வேறாக இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை பதினொன்று வரை ஏறி ஐந்து வரை இறங்கியிருக்கிறது. பெயரை மாற்றலாம் என்று யாராவது ஆரம்பித்தால், கோப்பைகளில் செதுக்கியாகிவிட்டது என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள்.

இத்தனை ஊர்கள் நகர்ந்தபோதும் ஒரு குடும்பமும் பிரிந்ததில்லை. 1997 வசந்தத்தில்தான் அந்த ஆபத்து வந்தது. ப்ளாட் ஆற்றின் இந்தக் கரையில் ஹார்க்னெஸ், அந்தக் கரையில் வெஸ்டர்லுண்ட். இரண்டும் கல்லூரி ஊர்கள், நடுவில் ஒரு பாலம். ஹார்க்னெஸின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் டெல்வின் குசெராவும், வெஸ்டர்லுண்டின் வாலிபால் பயிற்சியாளர் ஆர்டிஸ் ஹோம்க்விஸ்டும் கணவன் மனைவி. ஹார்க்னெஸ் கல்லூரி டெல்வினுக்குக் கொடுத்த வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். ஆர்டிஸ் தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தார். இந்த நேரத்தில், கிழக்கே 'கடலோரப் பதினான்கு' என்ற பணக்காரக் கூட்டமைப்பு ஹார்க்னெஸை அழைத்தது. ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரும். ஜூலை முதல் தேதி ஹார்க்னெஸ் அட்லாண்டிக் கரையில் விடியும்.

டெல்வின் அன்று அந்தப் பக்கத்து வழக்கப்படி, சில்லி என்ற இறைச்சிக் குழம்பில் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியான சினமன் ரோலைத் தோய்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"பதினாலு கேமரா, ஆர்டிஸ்! ஒரே ஆட்டத்துக்கு!"

"உன் மூஞ்சிக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"வெளயாடாத. நீயும் வந்துடு. அங்க வாலிபால் இல்லாமலா போயிடும்?"

"வாலிபால் இருக்கும், என் பொண்ணுங்க இருக்க மாட்டாங்க. இருபது வருஷமா அந்த டீமை நான் கட்டியிருக்கேன், டெல்வின்."

"நானும்தான் கட்டினேன். இங்க என்னை யாரு பாத்தா? சோளக்கொல்லையும் நாலு மாடும்."

"அப்ப நீ கடலோரம், நான் இங்க. அவ்ளோதானே?"

ரோல் குழம்பிலேயே ஊறிக் கரைந்தது.

கூட்டமைப்பின் மே மாதக் கூட்டம் வெஸ்டர்லுண்ட் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்தது. பயிற்சியாளர்கள் சார்பில் ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தார். ஹார்க்னெஸ் அறங்காவலர் தலைவர் மெர்ல் ஷ்ராடர் எழுந்து, விலகுகிறோம், மனவருத்தம் எதுவும் கிடையாது என்று அறிவித்தார். மெர்ல் வாலிப வயதில் மல்யுத்த வீரர். இரண்டு காதுகளும் மெத்தையில் தேய்ந்து காலிஃபிளவர் போலக் கசங்கியிருந்தன. அந்த அறையில் பாதிப் பேருக்கு அதே காதுகள்தான். ஆர்டிஸ் அந்தக் காதுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கை தூக்கினார்.

"மெர்ல், கடலோரத்தாருக்கு மல்யுத்தம் உண்டா?"

"கிடையாது. அவங்க துடுப்புப் படகு ஆளுங்க."

"அப்ப நம்ம மல்யுத்தப் பசங்க துடுப்பு போடப் போறாங்களா?"

நெப்ராஸ்காவில் கல்லூரி ஒன்று தன் ஜெபக்கூடத்தை இடித்தால்கூட மன்னிப்பார்கள், மல்யுத்தத்தை மூடினால் மன்னிக்க மாட்டார்கள். மெர்லின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. ஒரே ஒரு விளையாட்டுக்கு மட்டும் இணை உறுப்பினராக இருக்கலாம் என்பது கூட்டமைப்புகளில் பழைய வழக்கம்தான். ஹார்க்னெஸ் முழுவதும் போகட்டும், அதன் மல்யுத்தம் மட்டும் சமவெளி எட்டிலேயே இருக்கட்டும் என்று ஆர்டிஸ் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மெர்லின் கைதான் முதலில் உயர்ந்தது.

மீதியை ஆர்டிஸ் வீட்டுக்கு வந்து டெல்வினிடம் சொன்னார். மல்யுத்தப் பயிற்சியாளர் ஓய்வுபெற்று ஃப்ளோரிடா போய்விட்டார், இடம் காலி. கல்லூரி கொடுக்கும் வீடு, குடியிருக்கும் பயிற்சியாளரின் விளையாட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும்.

"நீ மல்யுத்தக் கோச் ஆயிட்டா இந்த வீடு நகராது."

"எனக்கு மல்யுத்தத்துல என்ன தெரியும்?"

"ஒருத்தனை ஒருத்தன் கீழ தள்ளணும். கால்பந்துலயும் அதான, நடுவுல ஒரு பந்து குறுக்க வரும்."

"கேமரா ஒண்ணுகூட வராது."

"வராது. பொய் சொல்ல மாட்டேன்."

அடுத்த மூன்று வாரம் டெல்வின் கால்பந்துத் தலைக்கவசங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். அது கிழக்கே போவதற்கா, விடைபெறுவதற்கா என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஜூன் பாதியில் டெல்வின், மெர்ல் நடத்தும் வங்கிக்குள் நுழைந்தார்.

"தலைவரே, கால்பந்துக்கு வேற ஆளைப் பாருங்க. மல்யுத்தத்தை நான் பாத்துக்கறேன்."

"பைத்தியமாய்யா உனக்கு? டிவில வரப்போறே!"

"வந்து என்ன? சனிக்கிழமை என் பொண்டாட்டிக்கும் மேட்ச் இருக்கு. டிவில என்னை யாரு பாப்பா?"

மெர்ல் சிரித்து, காதைத் தேய்த்துவிட்டுக் கையைக் கொடுத்தார்.

ஜூலை முதல் தேதி காலை ஹார்க்னெஸ் போய்விட்டிருந்தது. மிச்சம் நின்றவை பழைய உடற்பயிற்சிக் கூடம், அணியின் ஒரு பேருந்து, பயிற்சியாளர் வீடு, மல்யுத்த மாணவர்களின் விடுதி அறைகள். அந்த அறைகள் விடுதியின் மூன்றாம் மாடியில் இருந்தவை, ஆகவே மூன்றாம் மாடி உயரத்திலேயே வானத்தில் நின்றன. கீழ் மாடிகள் கால்பந்துக்குச் சொந்தம் என்பதால் அவை போய்விட்டன. ஆகஸ்டில் மாணவர்கள் திரும்பியதும் தீயணைப்பு நிலையத்தில் ஏணி கடன் வாங்கினார்கள். காற்று பலமாக அடித்தால் அறைகள் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போகும், ஏணியை நகர்த்திக்கொள்வார்கள். அறைக்கு அடியில் நிலம் இல்லாததால் மாவட்டம் நில வரியைத் தள்ளுபடி செய்தது. வாடகையைக் கல்லூரி குறைக்கவில்லை.

"கோச், ஜன்னலைத் தொறந்தா வாத்து உள்ள வருது!"

"வாடகையில பங்கு கேளுடா."

கடலோரத்தில் ஹார்க்னெஸின் கால்பந்து அணி அந்த ஆண்டு எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. பதினான்கு கேமராக்களும் அதைத் தெளிவாகப் படம்பிடித்தன. டெல்வினின் மல்யுத்த அணி சமவெளி எட்டில் மூன்றாமிடம் வந்தது. படம் எடுக்க ஒருவரும் வரவில்லை. ஆர்டிஸ் தன் ஆட்டம் இல்லாத நாட்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அடுத்த கோடையில், ஊர் நின்ற இடமெல்லாம் புல் இடுப்பளவு வளர்ந்தது. அந்தப் பக்கத்தில் வாசலில் புல்லை வளரவிடுபவனைக் குடிகாரனை விடக் கேவலமாகப் பேசுவார்கள். டெல்வின் புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். பக்கத்து வீடு இல்லை, வேலி இல்லை, தெரு இல்லை.

"ஆர்டிஸ்! எதுவரைக்கும் நம்ம புல்லு?"

"கண்ணுக்கு எதாவது வேலி தெரியுதா?"

"இல்ல."

"அப்ப வெட்டிட்டே போ."

அவர் கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்பினார். சாயங்காலத்துக்குள் மெர்லின் வங்கி இருந்த இடத்தைத் தாண்டியிருந்தார். ஆர்டிஸ் தட்டை ஒரு துணியால் மூடி, வெட்டிய புல்லின் பாதையிலேயே நடந்து போய் அங்கே அவருக்குச் சாப்பாடு கொடுத்தார்.